மாடு குத்தியவரை ஐஸில் வைத்தால் பிழைப்பாரா?

கேள்வி: "சிராவயலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. மஞ்சுவிரட்டு விழாக் குழுவில் இருக்கிறேன். மாடு குத்தியவர்களை மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் ரத்தம் போய்ச் சிலர் இறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களின் உடம்பைக் குளிரவைத்து, உயிரை இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்று ஒரு வீடியோ பார்த்தோம். இந்தத் தைக்கு ஐஸ் கட்டிகளும் ஒரு ஐஸ் பெட்டியும் வாங்கித் திடலில் வைத்தால், ஆஸ்பத்திரி போகும்வரை உயிரைப் பிடித்து வைக்க முடியுமா, டாக்டர்?"

வேண்டாம் தம்பி. ஐஸுக்கு ஒதுக்கிய பணத்தில் கம்பளி வாங்குங்கள்.

நீங்கள் பார்த்த செய்தி பொய்யில்லை. ஆனால் அந்த வீடியோவில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அங்கே குளிரவைப்பது இதயம் நின்றுபோன ஆளை. உங்கள் திடலில் கிடப்பவருக்கு இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டு பேருக்கும் குளிர் செய்கிற வேலை நேர் எதிரானது. நான் இந்த வட்டாரத்தில் மயக்கவியல் மருத்துவராக வேலை பார்க்கிறவன். அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில் நின்று அவருடைய மூச்சையும் ரத்தத்தையும் சூட்டையும் கவனிப்பதுதான் என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. இதன் வேர் 1984இல் இருக்கிறது. பீட்டர் சாஃபர் என்று ஒரு மருத்துவர், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் வேலை பார்த்தவர். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முதலுதவியை உலகத்துக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர். அவரும் ரொனால்ட் பெல்லமி என்ற ராணுவ மருத்துவரும் வியட்நாம் போரில் இறந்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் அவர்களை உறுத்தியது. நெஞ்சிலோ வயிற்றிலோ குண்டு பாய்ந்த பல வீரர்களுக்கு இருந்த காயம் தைத்து மூடக்கூடிய காயம்தான். மூளையில் அடியில்லை. ஆனால் தைப்பதற்கு ஆள் கையில் கிடைக்கும் முன்பே, சில நிமிடங்களில், உள்ளே ரத்தம் கொட்டி இறந்துவிட்டார்கள். அந்தச் சில நிமிடங்களை ஒரு மணி நேரமாக நீட்ட முடியுமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. நீங்கள் என்னிடம் கேட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதே கேள்வி. மதுரை சாலை நீளமாக இருக்கிறது, உயிரை நீட்ட முடியுமா என்கிறீர்கள்.

நாய்களிலும் பன்றிகளிலும் பல ஆண்டுகள் சோதனை நடந்தது. சாஃபரிடம் பயின்ற சாமுவேல் டிஷர்மன் இதை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார். பால்டிமோர் நகரில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விபத்துச் சிகிச்சை மையத்தில், குறைந்தது ஒருவருக்காவது இதைச் செய்திருப்பதாக 2019 நவம்பரில் செய்தி வெளியானது. அதுதான் இப்போது வீடியோவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அங்கே யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். துப்பாக்கிக் குண்டோ கத்தியோ துளைத்த காயம் இருக்க வேண்டும். ரத்தம் போய், மருத்துவமனைக்குள் வந்தபிறகோ வாசலை எட்டும் நேரத்திலோ இதயம் நின்றிருக்க வேண்டும். நெஞ்சைத் திறந்து நேரடியாக இதயத்தைப் பிசைந்தும், ரத்தம் ஏற்றியும் பலன் இல்லாமல் போயிருக்க வேண்டும். இந்த நிலையில் வழக்கமான சிகிச்சையில் பிழைப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இழப்பதற்கு இனி எதுவும் இல்லாதவரிடம்தான் இதைச் செய்து பார்த்தார்கள். மொத்தத் திட்டமே பத்துப் பேருக்கு இதைச் செய்து, செய்யாத பத்துப் பேரோடு ஒப்பிடுவது. வீடியோவில் வருகிற பின்னணி இசையைக் கேட்டால் பால்டிமோரில் நாள்தோறும் வரிசையில் நிற்க வைத்து உறைய வைக்கிறார்கள் என்று தோன்றும்.

செய்கிற விதம் இது. திறந்த நெஞ்சுக்குள், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியில் நேராக ஒரு குழாயைச் செருகி, பனிக்கட்டி அளவுக்குக் குளிர்ந்த உப்புநீரை லிட்டர் கணக்கில் வேகமாகச் செலுத்துகிறார்கள். மிச்சமிருக்கும் ரத்தம் வெளியேறி அதன் இடத்தில் உப்புநீர் நிற்கிறது. சில நிமிடங்களில் உடம்பின் சூடு 37 டிகிரி செல்சியசிலிருந்து 10 முதல் 15 டிகிரிக்கு இறங்குகிறது. மூச்சு இல்லை, நாடி இல்லை, மூளையில் மின்னோட்டம் இல்லை. எந்த மருத்துவரும் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கும் நிலை. அப்படியே அறுவை அரங்குக்குக் கொண்டுபோய், கிழிந்த குழாய்களைத் தைத்து முடிக்க அதிகபட்சம் இரண்டு மணி நேரம். பிறகு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய நுரையீரல் எந்திரத்தோடு இணைத்து, புது ரத்தத்தை மெல்லச் சூடேற்றி ஓடவிட்டு, இதயத்தை மறுபடி துடிக்கச் செய்கிறார்கள்.

மயக்கத்தில் கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது. உறவினரைத் தேடிப்பிடிக்க நேரமும் இல்லை. அதனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சம்மதம் பெறுவதிலிருந்து விலக்குக் கொடுத்தது. அதற்கு நிபந்தனையாக, நகரத்து மக்களைக் கூட்டிப் பேசினார்கள், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள், தனக்கு வேண்டாம் என்பவர் முன்கூட்டியே மறுத்துப் பதிவு செய்துகொள்ளவும் வழி வைத்தார்கள். ஊரைக் கூட்டிப் பேசிவிட்டு நடந்த சோதனை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். உங்கள் விழாக் குழுவுக்கும் அதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

இவ்வளவு குளிரில் உயிர் எப்படித் தங்குகிறது? உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. மூளைதான் பெரிய செலவாளி. சாதாரணச் சூட்டில் ரத்த ஓட்டம் நின்றால் நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். சூடு ஒவ்வொரு பத்து டிகிரி குறையும்போதும் இந்தச் செலவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. 18 டிகிரியில் ஏறக்குறைய அரை மணி நேரம் ரத்த ஓட்டமே இல்லாமல் மூளை தாங்கும். இது புதிய விஷயமும் அல்ல. கனடாவின் டொராண்டோவில் வில்ஃபிரட் பிகலோ 1950 வாக்கிலேயே குளிரவைத்து இதய அறுவை செய்யலாம் என்று காட்டினார். 1952 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை 28 டிகிரிக்குக் குளிரவைத்து, ஐந்தரை நிமிடம் போல ரத்த ஓட்டத்தை நிறுத்தி, இதயத்துக்குள் இருந்த ஓட்டையைத் தைத்தார். பெருந்தமனியின் வளைவில் அறுவை செய்யும்போது நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலும் இன்றைக்கு நோயாளியை 20 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே எல்லாம் திட்டமிட்டு நடக்கிறது. எந்திரம் தயாராக இருக்கிறது, ரத்தம் சிந்தவில்லை.

இன்னொரு கதையையும் யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். 1999 மே மாதம் நார்வேயில் பனிச்சறுக்கு விளையாடிய அன்னா போகன்ஹோல்ம் என்ற இளம் மருத்துவர், உறைந்த ஓடையின் பனிக்கடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். வெளியே எடுத்தபோது இதயத் துடிப்பு இல்லை. உடம்பின் சூடு 13.7 டிகிரி. ட்ரோம்சோ மருத்துவமனையில் எந்திரத்தில் இணைத்துச் சூடேற்றினார்கள். பிழைத்து, பிற்காலத்தில் அதே மருத்துவமனையில் வேலைக்கும் சேர்ந்தார். அவர் பிழைத்ததற்குக் காரணம், பனிக்கடியில் காற்று தங்கியிருந்த ஓர் இடைவெளியில் சிறிது நேரம் மூச்சு விட முடிந்ததும், அந்த நேரத்துக்குள் மூளை குளிர்ந்துவிட்டதும்தான். மூளை குளிர்ந்தபிறகு இதயம் நின்றது. உடம்பில் ரத்தமும் முழுதாக இருந்தது. நம் ஊர்க் கண்மாய்த் தண்ணீர் அப்படிக் குளிர்ந்ததில்லை. ஊருணியில் மூழ்கியவருக்கு இந்தக் கதை உதவாது, உடனே மூச்சு ஊத வேண்டும்.

இனி உங்கள் திடலுக்கு வருவோம்.

மாட்டுக் கொம்பு குத்திய காயம் வெளியே பார்க்க ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். உள்ளே கதை வேறு. மாடு குத்தியதும் தலையைத் தூக்கி ஒரு திருப்புத் திருப்பும். கொம்பின் முனை ஒரே துளை வழியாக இரண்டு மூன்று திசைகளில் கிழித்துக்கொண்டு போயிருக்கும். தொடையில் குத்தினால் இடுப்புவரை ஏறியிருக்கும். வயிற்றில் குத்தினால் எது எது கிழிந்தது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். தொழுவிலிருந்து வாடிவாசல் வழியாக வரும் மாடுகளைப் பிடிக்கிறவர்களாவது எதிரே மாடு வருவது தெரிந்து நிற்கிறார்கள். பொட்டலிலும் கண்மாய்க்குள்ளும் அவிழ்த்துவிடும் கட்டுமாடுகள் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று வேடிக்கை பார்க்கிறவருக்குத் தெரியாது. எங்களிடம் வருகிறவர்களில் கையில் கடலைப் பொட்டலத்தோடு நின்றவர்கள் நிறைய.

இப்படிக் குத்துப்பட்டவருடைய உயிர் தற்சமயம் ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகிறது. உள்ளே கிழிந்த இடத்தில் ரத்தம் தானாக உறைந்து அடைக்க வேண்டும். ரத்தத்தை உறைய வைப்பவை சில நொதிகளும் (என்சைம்கள்) தட்டணுக்களும் (பிளேட்லெட்). நொதிகள் 37 டிகிரிக்கென்று அமைந்தவை. சூடு ஒரு டிகிரி குறைந்தால் அவற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 34 டிகிரிக்குக் கீழே தட்டணுக்கள் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டுவதில்லை. மார்கழிக் குளிரில் ஆச்சிமார் உறை ஊற்றிய பால் விடிந்தும் தோயாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான். குளிர்ந்த உடம்பில் ரத்தம் நீராகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு கண்ணாமூச்சியும் இருக்கிறது. ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், அங்கே அந்த மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் சோதிப்பார்கள். அறிக்கை சரியாக இருப்பதாக வரும். நோயாளியோ 33 டிகிரியில் ஒழுகிக்கொண்டிருப்பார். அறிக்கையை நம்பிய இளம் மருத்துவர், இன்னும் எங்கேயோ ஒரு ரத்தக்குழாய் தைக்காமல் விட்டுப்போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் வெப்பமானியைப் பார்த்தால் பதில் அங்கே இருக்கும்.

ரத்தம் குறைந்தால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் அமிலம் சேர்கிறது. அமிலம் சேர்ந்தால் ரத்தம் இன்னும் உறையாது. உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும், உடம்பு இன்னும் குளிரும். குளிர், அமிலம், உறையாமை என்ற இந்த மூன்றையும் விபத்து மருத்துவத்தில் 'மரண முக்கோணம்' என்பார்கள். 1987இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பலத்த காயத்தோடு வந்து உடம்பின் சூடு 32 டிகிரிக்குக் கீழே போனவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பனிக்கட்டித் தண்ணீரில் 13.7 டிகிரிக்குப் போனவர் பிழைக்கிறார், ரத்தம் கொட்டியவர் 32 டிகிரியில் இறக்கிறார். இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடுதான் உங்கள் கேள்விக்குப் பதில். பால்டிமோர் முறையில் இதயம் நின்றுவிட்டது, ஓடுவதற்கு ரத்தம் இல்லை. ஆகவே உறைதல் கெடுவதைப் பற்றி அந்த இரண்டு மணி நேரம் கவலையில்லை. மறுபடி சூடேற்றும்போது அந்தப் பிரச்சினையும் முழு வேகத்தில் திரும்பி வருகிறது. அதைச் சமாளிக்க ஒரு படையே அங்கே நிற்கிறது.

ஐஸை வெளியே வைத்தால் அந்த 10 டிகிரிக்குப் போகவும் முடியாது. தோலின் ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கிவிடும், உள்சூடு மெல்லத்தான் இறங்கும். அதற்குள் உடம்பு நடுங்கத் தொடங்கும். நடுக்கம் என்பது தசைகளின் கடும் உழைப்பு. ஆக்சிஜன் தேவை பல மடங்கு கூடும். ரத்தம் பாதி போனவருக்கு அந்த ஆக்சிஜனை யார் கொண்டுவந்து கொடுப்பது? அதையும் தாண்டி 28 டிகிரிக்குக் கீழே போனால் இதயம் ஒழுங்கில்லாமல் துடிதுடித்து நின்றுவிடும். ஐஸ் பெட்டியை நம் ஊரில் எதற்கு வாடகைக்கு எடுக்கிறோம் என்பதை விழாக் குழுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தப் பெட்டி இந்த வழியிலும் கடைசியில் அதே வேலையைத்தான் செய்யும்.

'காரைக்குடி வெயிலில் எப்படி டாக்டர் ஆள் குளிர்ந்துபோவார்?' என்று கேட்பார்கள். எங்களிடம் சித்திரை வெயிலில் அடிபட்டு வருகிறவர்களும் குளிர்ந்துதான் வருகிறார்கள். ரத்தம் போன உடம்பு சூட்டை உண்டாக்க முடியாமல் இருக்கிறது. சட்டை, வேட்டி எல்லாம் ரத்தத்திலும் வேர்வையிலும் நனைந்து ஒட்டியிருக்கிறது. மயங்கியவர் முகத்தில் சோடாவை அடித்து, ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டுத்தான் நம் மக்கள் வண்டியில் ஏற்றுகிறார்கள். ஆம்புலன்சில் ஏசி ஓடுகிறது. கையில் ஏறும் குளுக்கோஸ் பாட்டில் வெளிச்சூட்டில் இருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு அப்படி ஒரு லிட்டர் ஏற்றினால் உடம்பின் சூடு சுமார் கால் டிகிரி குறையும். ரத்த வங்கிக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரத்தத்தை ஒரு பை அப்படியே ஏற்றினாலும் கால் டிகிரி. நான்கைந்து பாட்டில்கள் போனபிறகு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக அறுவை அரங்கு. அங்கே ஏசி நோயாளிக்காக ஓடுவதில்லை, கவுனும் கையுறையும் போட்டு வியர்க்கும் அறுவை மருத்துவருக்காக ஓடுகிறது. ஏசியை அணைக்கச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட முறைப்புகள் கொஞ்சமல்ல.

நம் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை வெல்லத்தான் கட்டினார்கள். வளவும் முற்றமும் சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் உடம்புக்குக் குளிர்ச்சி. அடிபட்டவரை மட்டும் அந்த வெறும் கல்லில் கிடத்தாதீர்கள். தரை அவருடைய சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜமக்காளத்தை நான்காக மடித்து முதலில் கீழே போடுங்கள். மேலே போர்த்துவதைவிட அது முக்கியம்.

தலையில் அடிபட்டவர்களுக்குக் குளிர்ச்சி நல்லதா என்பதும் உங்கள் ஊருக்குத் தொடர்புள்ள கேள்வி. வருஷம் முழுக்கப் பார்த்தால் திருச்சி-ராமேசுவரம் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுகிறவர்கள்தான் மாடு குத்தியவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மூளை வீக்கத்தைக் குளிர் குறைக்கும் என்பது உண்மை. அதை நம்பி உலகம் முழுவதும் சோதித்தார்கள். 2015இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், 32 முதல் 35 டிகிரிவரை குளிரவைக்கப்பட்டவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமானதால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2018இல் வந்த இன்னொரு ஆய்வில் சம்பவ இடத்திலும் ஆம்புலன்சிலும் தொடங்கியே குளிரவைத்தார்கள், நீங்கள் நினைக்கிற மாதிரியே. 511 பேர். ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் குளிரவைத்த பக்கம் 48.8 விழுக்காடு, குளிரவைக்காத பக்கம் 49.1. பயனில்லை. தலைக்காயக்காரருக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வது அவசியம், அது வேறு சங்கதி. மாரடைப்பு போன்ற காரணத்தால் இதயம் நின்று மறுபடி துடித்தவர்களை 33 டிகிரியில் வைப்பது 2002க்குப் பிறகு பெரிய நம்பிக்கையாக இருந்தது. 2021இல் ஏறக்குறைய 1,900 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வில், காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது பச்சிளங்குழந்தைகளைப் பற்றிய ஆய்வு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை 33.5 டிகிரி அளவில் 72 மணி நேரம் வைத்திருப்பது பணக்கார நாடுகளில் நிரூபணமான சிகிச்சை. அங்கே குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஊனமும் குறைகிறது. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளுக்குச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். குளிரவைத்த குழந்தைகளில் 42 விழுக்காடு இறந்தார்கள், குளிரவைக்காதவர்களில் 31 விழுக்காடு. ஒரே டிகிரி, ஒரே மணிக்கணக்கு, முடிவு மட்டும் தலைகீழ். பாதிப்பு எப்போது தொடங்கியது, தாயின் ஊட்டம், தொற்று, கவனிப்பு என்று காரணங்களை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பால்டிமோரில் செய்து பார்த்ததை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து திடலில் வைக்க நினைக்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன்.

சரி, மதுரையிலோ திருச்சியிலோ இதை ஒருநாள் செய்ய முடியுமா? இதய நுரையீரல் எந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆள் மருத்துவமனை வாசலில் வந்தபிறகுதான் இதயம் நின்றிருக்க வேண்டும், அந்த நிமிடமே நெஞ்சைத் திறக்க ஒரு குழு விழித்திருக்க வேண்டும். திருப்பத்தூர், மேலூர் தாண்டி மதுரைக்குப் போகும் வழியில் இதயம் நின்றவருக்கு அது எட்டாது. ஆகவே நம் வேலை அவரை நிற்காத இதயத்தோடு, உறைகிற ரத்தத்தோடு அறுவை மேசைவரை கொண்டுசேர்ப்பது.

அதற்கு உங்கள் குழு செய்யக்கூடியவை இருக்கின்றன. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தச் சொல்லுங்கள். அழுத்திய கையை ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்காக எடுக்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். கை காலில் பீறிட்டால், அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கும் உடம்புக்கும் நடுவே அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள். தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பிலும் வயிற்றிலும் கட்டுப் போட முடியாது. அந்த மடிப்பில் ஆழமாகத் துணியைத் திணித்து அழுத்துவதுதான் வழி, வயிற்றுக்குள் திணிக்கக் கூடாது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான ஈரத்துணியால் மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் விரித்து, பிறகு போர்த்துங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். எப்படியும் மயக்கம் கொடுத்து அறுவை செய்ய வேண்டியிருக்கும். வயிற்றில் இருக்கும் சோடா அப்போது நுரையீரலுக்குள் போனால் அது இன்னொரு ஆபத்து.

பிறகு நனைந்த துணியைக் கத்தரித்து எடுத்து, உடம்பைத் துடைத்து, முகத்தை மட்டும் விட்டுத் தலை உட்படப் போர்த்திவிடுங்கள். வெட்கப்பட நேரமில்லை. நல்ல கம்பளிகள் இருபது இருந்தால் போதும். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் வெள்ளித்தாள் போர்வையும் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. கம்பளிக்கு மேலே அதைச் சுற்றலாம். 108 வண்டியில் ஏற்றியதும் நோயாளிப் பக்கத்து ஏசியை அணைக்கச் சொல்லுங்கள். உடன் போகிறவர்கள் வேர்த்துக்கொண்டு போகட்டும். விழா நாளன்று நிற்கும் மருத்துவக் குழுவிடம், உப்புநீர் பாட்டில்களை வெதுவெதுப்பாக வைக்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். டிரானெக்சாமிக் அமிலம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் விலை மலிவான மருந்து அது. 2010இல் வெளியான, 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் இறப்பைக் குறைத்தது. நம் நாடும் அதில் பங்கெடுத்தது. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். தாமதமாகக் கொடுத்தால் கெடுதல்கூட நடக்கலாம். ஊசியைப் போட வேண்டியது மருத்துவக் குழு, உங்கள் ஆட்கள் அல்ல.

காயங்களில் குளிர்ச்சி வேண்டிய இடம் என்று பார்த்தால் இரண்டுதான். தீக்காயத்தில், பட்ட இடத்தில் மட்டும் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடலாம், மற்ற உடம்பு போர்த்தியே இருக்க வேண்டும். விரலோ கையோ துண்டானால், துண்டான பாகத்தை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். பாகம் நேராக ஐஸில் படக் கூடாது. ஆக, ஐஸ் வாங்கியே தீருவேன் என்று குழுவில் யாராவது அடம்பிடித்தால், ஒரு சின்னப் பெட்டி ஐஸ் அதற்குப் போதும். வடம் கையில் சுற்றி விரல் போனவர்களுக்கு உதவும்.

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மாடு குத்தியது சாலை விபத்தில் வராது. அதனால் விழா அனுமதிக்கு எழுதும்போதே காப்பீட்டு விஷயத்தையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொடுக்க இளைஞர்கள் வரிசையில் நிற்பார்கள், எனக்குத் தெரியும். விழா நாள் மதியம் நின்று பயனில்லை. கொடுத்த ரத்தத்தைச் சோதித்துப் பிரித்து வைக்க நேரம் ஆகும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே காரைக்குடி ரத்த வங்கியில் பேசி ஒரு முகாம் நடத்துங்கள். 108 நிற்கும் இடத்தைக் கட்டுமாடு ஓடும் திசைக்கு மறுபக்கம், பிள்ளையார்பட்டி - திருப்பத்தூர் சாலைக்கு நேராக வெளியேறும்படி ஒதுக்கி, அந்தப் பாதையில் கடலைக்காரரும் கரும்பு வண்டியும் நிற்காமல் இரண்டு பேரைக் காவலுக்குப் போடுங்கள்.